எல்லோருக்கும் போர்வெல் இருக்கும்போது கண்மாய் எதற்கு?

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளியூர் வேலையை விட்டுவிட்டு, அப்பாவின் நிலத்தைப் பார்க்க ஊருக்குத் திரும்பியவர். கேள்வி இதுதான்: "எங்கள் கண்மாயில் இப்போதெல்லாம் இரண்டு மாதம் தண்ணீர் நின்றாலே பெரிது. ஆயக்கட்டில் (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில்) பாதிப் பேர் போர் போட்டுவிட்டார்கள். இந்த நிலையில் கண்மாய்க்குச் செலவு செய்வது தேவையா? தேவை என்றால், ஜேசிபி வைத்து நன்றாக ஆழப்படுத்திவிட்டால் போதுமா?"

தேவை. ஆனால் ஆழப்படுத்தினால் மட்டும் போதாது. சில ஊர்களில் அதுவே கெடுதலாகவும் முடிந்திருக்கிறது. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் போரிலிருந்து தொடங்குவோம். சிவகங்கை மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் பாறை நிலம். மேலே மண், அதற்குக் கீழே உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப்பாறை. உதிர்ந்த பாறையில்தான் தண்ணீர் தாராளமாகத் தங்கும். அதற்குக் கீழே அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று இறக்கினாலும் கிடைப்பது பாறை வெடிப்புகளில் நிற்கிற தண்ணீர் மட்டும்தான். அடியில் ஏதோ ஆறு ஓடுவதாக நினைத்துக்கொண்டுதான் பலர் கடன் வாங்கிப் போர் போடுகிறார்கள். அப்படி ஒன்றும் ஓடவில்லை. மேலிருந்து இறங்கியது எவ்வளவோ, அவ்வளவுதான் மேலே வரும்.

மேலிருந்து இறங்குவது எப்படி என்பதை நான் ஒரு கேணியில் பார்த்தேன். திருப்பத்தூர் பக்கத்தில் ஒரு பெரியவரின் கேணி, கண்மாய்க் கரையிலிருந்து இருநூறு அடி தூரத்தில், ஆயக்கட்டுக்குள் இருந்தது. உள்ளே இறங்கக் கல்படி. எத்தனை படி வெளியே தெரிகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் மழை பெய்த அன்று கேணியில் பெரிய மாற்றம் இல்லை. கண்மாய் பெருகி நாலு நாள் கழித்துப் போனோம். பதினான்கு படி தெரிந்த இடத்தில் ஒன்பதுதான் தெரிந்தது. சுவரில் கல் இடுக்கு வழியே, கண்மாய் இருக்கும் பக்கத்திலிருந்து மட்டும், விரல் தடிமனில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மற்ற மூன்று பக்கமும் காய்ந்து கிடந்தன. "மழை கேணிக்கு வராது தம்பி, கண்மாய்க்குத்தான் வரும். கண்மாய்தான் கேணிக்குக் கொடுக்கும்" என்றார்.

இதைப் புத்தக மொழியில் நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் என்பார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் நிலத்தடி நீரைக் கணக்கிட்டபோது, 1,166 பிர்க்காக்களில் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) ஏறத்தாழ மூன்றில் ஒன்று, ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படும் பட்டியலில் இருந்தது. உலகத்திலேயே மிக அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு இந்தியாதான். கண்மாய்க்குப் பதிலாகப் போர் என்று நினைத்தால், வங்கியில் பணம் போடாமல் ஏடிஎம்மை மட்டும் நம்பின கதைதான்.

பூமியில் உள்ள தண்ணீரில் நன்னீர் சுமார் 2.5 சதவீதம்தான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏரி, குளம், ஆறு என்று நாம் கையால் அள்ளக்கூடிய நன்னீர் மொத்த நன்னீரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் நெல், மீன், கொக்கு, தவளை, ஆடு, மாடு, நாம் எல்லோரும் இருக்கிறோம். உலகம் முழுக்க மனிதர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் வயலுக்குத்தான் போகிறது. ஒரு கிலோ நெல்லுக்கு, மழையும் பாசனமும் சேர்த்து, சராசரியாக 2,500 லிட்டர் வேண்டும்.

சரி, நம் பக்கத்து மழைக்கு வருவோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 920 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. அதுவும் நிதானமாக வராது. நாலு நாள் கொட்டும், பதினைந்து நாள் காயும், மறுபடி ஒரு புயல். வற்றாத பெரிய ஆறு இல்லாத சீமையில், நாலு நாளில் கொட்டுவதை நாலு மாதத்துக்கு வைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு நம் முன்னோர் கண்டுபிடித்த விடைதான் கண்மாய். மாநிலம் முழுக்க ஏறக்குறைய 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் ஒரு கோடி லிட்டர். இருபது ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள சாதாரணக் கண்மாய் என்ன பிடிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கண்மாயை ஒரு தொட்டியாக மட்டும் பார்ப்பதுதான் இன்றைக்கு நாம் செய்கிற பெரிய தப்பு. அது தண்ணீர் போகிற வழியில் உள்ள ஒரு தங்கல். மேட்டுக் கண்மாய் பெருகினால் கலுங்கு வழியாக உபரி இறங்கி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது பெருகினால் அதற்கடுத்தது. வயலில் பாய்ந்த நீரின் கழிவுகூடக் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து. வைகையே இதற்குச் சாட்சி. இருகரையும் கால்வாய் பிரிந்து கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு, மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேரும். ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வீணாகப் போகிறது என்று யாரும் புலம்ப முடியாத அளவுக்கு அந்த ஆற்றை நம் ஆட்கள் பயன்படுத்தினார்கள். (கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்ற பேச்சையே நான் ஏற்பதில்லை. முகத்துவாரத்து மீனுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் அது வேண்டும். அது தனிக்கதை.)

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறைக்காகப் பிரபலம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஊரில் ஆள் நியமித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குமிழித்தூம்பு, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் ஒரு வகை மடை. இன்னும் சில பழைய கண்மாய்களில், தண்ணீர் வற்றினபிறகு உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பக்கத்தில்) நடந்தால், இரண்டு கல்தூண் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். குறுக்கே கல் சட்டம் இருக்கும். வெறும் கல் என்று தாண்டிப் போய்விடுவோம். தூணுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல் மூடியில் ஒரு பெரிய துளை, பக்கவாட்டில் அடியை ஒட்டிச் சிறு துளைகள். மேல்துளையைக் கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். கட்டையைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வயலுக்கு ஓடும். அந்த இழுப்பில், சிறு துளைகள் வழியாக அடியில் தங்கிய சேறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வெளியேறும். மேல்துளைக்கு நீரோடி, கீழ்த்துளைக்குச் சேறோடி என்று பெயர். வயலுக்குத் தண்ணீரும் வண்டலும் ஒன்றாகவே கிடைத்தன. மடைக்கு அருகில் மண்மேடு சேராமல் அதுவே பார்த்துக்கொண்டது.

மற்ற இடத்தில் சேர்ந்த வண்டலைக் கோடையில் வண்டி கட்டி அள்ளி வயலில் போட்டார்கள். நம் பக்கம் கரம்பை என்போம். கரம்பை அடித்த வயலில் அந்த வருடம் பயிரின் நிறமே வேறாக இருக்கும். மணல் கலந்த நிலம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்மாய்க்குத் தூர் எடுத்த மாதிரியும் ஆயிற்று, வயலுக்கு எரு போட்ட மாதிரியும் ஆயிற்று. டிராக்டரும் உர மூட்டையும் வந்தபிறகு இந்த வழக்கம் அறுந்தது. தூர் சேர்ந்ததற்கு இது முக்கியமான காரணம்.

அப்புறம் பறவைகள். உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடிப்பட்டி இருக்கிறது. போய்ப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்து சுமார் 38 ஹெக்டேர். 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் பறவைகளைக் காப்பாற்றி வைத்திருப்பது ஊர்மக்கள்தான். தீபாவளிக்கு அங்கே வெடி போடமாட்டார்கள். கூட்டில் இருக்கும் குஞ்சு பயந்துவிடும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த பழக்கம் அது. சின்னப் பிள்ளைகளிடம் மத்தாப்பு கேட்டு அழமாட்டீர்களா என்று கேட்டால், "குருவி குஞ்சு பொரிச்சிருக்குல்ல" என்று நம்மை ஒரு மாதிரி பார்க்கும்.

இதில் பக்தி, பாசம் இருக்கிறது. விவசாயக் கணக்கும் இருக்கிறது. மழைக்காலத்தில் கண்மாய்க்குள் நாட்டுக்கருவேல மரங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும். அதன்மேல் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் உண்ணிக்கொக்கும் கூடு கட்டும். எச்சம் முழுவதும் தண்ணீரில் விழும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர்தான் மடை வழியாக வயலுக்குப் போகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் இதை வெகுகாலம் முன்பே புரிந்துகொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் போய் அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, யாரும் சுடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். அவர்கள் காப்பாற்றியது வெறும் 30 ஹெக்டேர் ஏரி. நாரை வயலில் இறங்கி நத்தையையும் வரப்பில் வளை போடும் நண்டையும் தின்றுவிடும். தவளையும் தட்டானும் பூச்சியைப் பார்த்துக்கொள்ளும். தட்டானின் குஞ்சு வளர்வதே தண்ணீருக்குள்தான். கண்மாய் இல்லாத ஊரில் தட்டான் குறையும், கொசு கூடும். ராமநாதபுரத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே பாசனத்துக்கு வெட்டிய சாதாரணக் கண்மாய்கள்.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பங்குனி சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், ஊரே ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு இறங்குகிற மீன்பிடித் திருவிழா உங்களுக்குத் தெரியாததல்ல. கெண்டை, கெளுத்தி, விரால், குரவை. விராலும் குரவையும் சேற்றுக்குள் ஈரம் இருந்தாலே கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அடுத்த மழைக்கு மறுபடி கிளம்பும். அடி மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்தால், அடுத்த வருடத்துக்கான விதையையும் சேர்த்து லாரியில் ஏற்றிவிடுகிறோம்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு எப்படிக் கெட்டது? ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஊர்க்கூடிச் செய்த மராமத்தை 1858-ல் ஆங்கிலேயர் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினார்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் கண்மாய்கள் அரசிடம் போயின. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சர்க்கார் கண்மாய் என்று ஆனதும் ஊரார் கை விலகியது. அதைவிடப் பெரிய காரணம், என் பார்வையில், மோட்டார். கேணியும் போரும் வைத்தவர்கள் பெரும்பாலும் ஊரில் வசதியானவர்கள், நாலு பேரைக் கூட்டக்கூடியவர்கள். அவர்களுக்குக் கண்மாய் தேவைப்படாமல் போன அன்றே கூட்டம் போடுவதும் நின்றது. 1960-களில் மாநிலத்தின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரிகளை நம்பியிருந்தது. இன்று பாதிக்கு மேல் கிணறும் போரும்தான்.

பழையதெல்லாம் பொற்காலம் என்றும் நான் சொல்லவில்லை. இரவு பகலாகக் கரையைக் காத்து, மூச்சடக்கி மூழ்கி மடை திறந்து, வயல் வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித் மக்கள். களத்தில் அவர்களுக்குக் கூலியாக அளந்த சுவந்திர நெல் அந்த உழைப்புக்கு ஈடே இல்லை. ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்குப் பேச்சும் இல்லை. அவர்களின் பிள்ளைகள் அந்த வேலை வேண்டாம் என்று போனது நியாயம். இன்று கண்மாயை மீட்க ஊர்க்கூட்டம் போடுகிறவர்கள், நீர்க்கட்டிக்கு மரியாதையான மாதச் சம்பளத்தை முதல் தீர்மானமாக எழுதவேண்டும்.

இப்போது உங்கள் ஜேசிபிக்கு வருகிறேன். கண்மாயின் மடைக்கு ஒரு அடிமட்டம் உண்டு. அந்த மட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் தானாக வயலுக்குப் பாயும். அதற்குக் கீழே பத்தடி தோண்டினாலும் அந்தப் பத்தடித் தண்ணீர் மடை ஏறாது. மாடு குடிக்கும், மீன் பிழைக்கும், கேணிக்குக் கொஞ்சம் கசியும்; அதற்காக ஒரு மூலையில் பள்ளம் வைப்பது நல்லதுதான். ஆனால் பாசனத்துக்கு ஆழம் உதவாது. இன்னொன்று, அடியில் படிந்த களிமண்தான் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை வெட்டிச் சரளை தெரியும்வரை போனால் தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கிவிடும். கேணிக்காரருக்கு லாபம், மடைப் பாசனக்காரருக்கு நஷ்டம். இரண்டில் எது வேண்டும் என்று ஊர் பேசி முடிவெடுக்கவேண்டும். வண்டி ஓட்டுகிறவர் முடிவெடுக்கக்கூடாது. கரையின் அடியை ஒட்டி மட்டும் தோண்டவே விடாதீர்கள், கரை சரியும். எடுத்த மண்ணை உள்வாயிலேயே குவித்துவிட்டுப் போகவும் விடாதீர்கள். கரம்பைக்கு வயலில் இடம் இருக்கிறது, மீதிக்குக் கரையில் இடம் இருக்கிறது.

சீமைக்கருவேலத்தை வரத்துக்காலிலும் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயிலும்) கலுங்குக்கு முன்னாலும் முதலில் எடுங்கள், வேரோடு. வெட்டி மட்டும் விட்டால் இரண்டு மழையில் பழையபடி நிற்கும். அதை மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஊரில் இருந்தால், வெட்டும் வேலையையும் விறகையும் அவர்களுக்கே கொடுங்கள். நாட்டுக்கருவேலத்தில் கைவைக்காதீர்கள், அது நாரையின் வீடு.

ஆனால் தம்பி, கண்மாய்க்குள் இறங்குவதற்கு முன் வரத்துக்காலில் நடங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். இரண்டு மாதம்தான் தண்ணீர் நிற்கிறது என்றால், பாதி நேரம் கோளாறு கண்மாயில் இருக்காது, வருகிற வழியில் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடத்தை நகல் எடுத்து, கால் எங்கே தொடங்குகிறது, எத்தனை அடி அகலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி எல்லையை அளந்து காட்டச் சொல்லி மனுக் கொடுக்கலாம். கூட ஊரில் வயதான ஒரு நீர்க்கட்டியை அழைத்துப் போங்கள்.

நாங்கள் அப்படி ஒரு புரட்டாசியில், மேலூருக்குக் கிழக்கே ஒரு கண்மாயின் வரத்துக்காலில் நடந்தோம். நாலு வருடமாகக் கண்மாய் கால்வாசிகூட நிறையவில்லை; மழை குறைவு என்றே ஊரார் நினைத்திருந்தார்கள். மூன்று கிலோமீட்டர் நடந்தபின் ஒரு புதுத் தார்ச்சாலை காலின் குறுக்கே போனது. அடியில் சிமெண்டுக் குழாய் பதித்திருந்தார்கள். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூட வந்த நீர்க்கட்டி ஐயா மட்டும் குழாய் வாயில் உட்கார்ந்து, கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "குழாய் காலைவிட ஒசரமா இருக்கு" என்றார். கொத்தனாரை வரவழைத்து, தண்ணீர் நிரப்பிய குழாய் வைத்து மட்டம் பார்த்தோம். ஒன்றேகால் அடி உயரம். அந்த ஒன்றேகால் அடி நிரம்பும்வரை தண்ணீர் சாலைக்கு மேற்கே தேங்கி, பக்கத்துத் தரிசில் பரவி, ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பதித்தவர்களிடம் போய்க் கேட்டதற்கு, அளவெடுத்துத்தான் போட்டோம் என்றார்கள். மூன்று முறை மனு, இரண்டு முறை நேரில். கடைசியில் சாலையை ஒரு பக்கம் வெட்டிக் குழாயை இறக்கிப் பதிக்க இரண்டு நாள்தான் ஆனது.

அந்த ஐப்பசியில் மழை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். கண்மாய் கலுங்கைத் தொடவில்லை. ஒன்றரை முழம் குறைவாகத்தான் நின்றது. தை கடைசி வரை இரண்டு மடையும் ஓடின.